வன்னியிலிருந்து சுகாதாரப் பொருளியல் பட்டமேற்படிப்பு: பொருளியல் வழியா, கொள்கை வழியா?

தண்ணிமுறிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்றேன். பெரும்பாலான பாடங்களைக் கற்றது தமிழ்மொழி மூலம். இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தில் சுகாதாரத் துறை சார்ந்த அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். மாவட்டத்து வைத்தியசாலைகளில் மூலதன நிதியைக் கொண்டு நடைபெறும் வேலைகளின் பௌதிக முன்னேற்றத்தையும் நிதி முன்னேற்றத்தையும் மாதந்தோறும் அட்டவணைப்படுத்தி மேலே அனுப்புவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. ஒரு நோயாளர் விடுதிக் கட்டடம் முழுமையாக முடிவடைந்துவிட்டது என்று எழுதிக் கையொப்பமிடும்போது, அதனால் யாருக்கு எவ்வளவு நன்மை விளையும், அதே பணத்தை வேறொன்றுக்குச் செலவிட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு அந்த அட்டவணையில் ஒரு நிரல்கூட இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உயர்தர வகுப்பில் அமையச் செலவு என்று நாம் படித்தது இதைத்தானே.

இந்த உறுத்தலோடுதான் சுகாதாரப் பொருளியலிலோ சுகாதாரக் கொள்கையிலோ முதுமாணிப் பட்டம் பெற எண்ணுகிறேன். மருத்துவர் அல்லாத ஒருவருக்கு இத்துறையில் உண்மையில் இடம் உண்டா, அல்லது பட்டத்தைப் பெற்ற பின்னும் மருத்துவர்களுக்கு அட்டவணை தயாரித்துக் கொடுப்பவளாகவே இருப்பேனா என்பது முதல் ஐயம். பொருளியல், கொள்கை ஆகிய இரண்டில் எதைத் தெரிவு செய்வது என்பது அடுத்தது. உள்நாட்டில் படிப்பதா, வெளிநாட்டுக்கு முயல்வதா என்பதையும், கணிதத்தில் எந்த அளவு ஆயத்தம் வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

கனகராயன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். கனகராயன்குளத்தைச் சொந்த இடமாகக் கொண்ட நான், பொருளியல் வழியாகவே இத்துறைக்குள் வந்து, இப்போது கொழும்பில் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். எனவே என் பதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் அல்லாதவருக்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துறையின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடும் கட்டுரையை 1963 இல் எழுதிய கென்னத் அரோ ஒரு பொருளியலாளர். எப்போது நோய் வரும் என்பது நோயாளிக்குத் தெரியாது, தான் வாங்கும் சேவை தரமானதா என்பதையும் அவரால் மதிப்பிட முடியாது, ஆகையால் மருத்துவ சேவையை அரிசிச் சந்தையைப் போல எண்ணிவிடக் கூடாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். 1972 இல் மைக்கேல் குரொஸ்மன், உடல்நலத்தை மனிதர் முதலீடு செய்து பேணும் ஒரு மூலதனமாகக் கொண்டு மாதிரியொன்றை அமைத்தார், அவரும் பொருளியலாளரே. ஆகவே உங்கள் முதற்பட்டமே இத்துறையின் நேரான வாசல். இலங்கையில் வாசல் பக்கவாட்டில் இருப்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் சமுதாய மருத்துவ, மருத்துவ நிருவாகக் கற்கைகள் மருத்துவர்களுக்கானவையாக இருப்பதும், சுகாதார அமைச்சின் திட்டமிடல் பதவிகள் பெரும்பாலும் அவ்வழியாக வந்தவர்களிடம் செல்வதும்தான்.

கணிதம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. சுகாதாரச் செலவுத் தரவுகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கணக்கெடுத்த மாதத்தில் எதுவுமே செலவிடாத குடும்பங்கள் ஏராளமாக இருக்கும். ஒரு சில குடும்பங்கள் மட்டும் சத்திரசிகிச்சைக்கோ தொடர் சிகிச்சைக்கோ பெருந்தொகை செலவிட்டிருக்கும். இப்படிப்பட்ட தரவில் சாதாரண நேர்கோட்டுப் பிற்செலவு, அதாவது மாறிகளுக்கிடையிலான தொடர்பை ஒரு நேர்கோடாக மதிப்பிடும் புள்ளிவிபர முறை, சரியாகப் பொருந்தாது. செலவிட்டார்களா இல்லையா என்பதை முதலிலும், செலவிட்டவர்கள் எவ்வளவு செலவிட்டார்கள் என்பதை அடுத்தும் தனித்தனியே மதிப்பிடும் இருபகுதி மாதிரிகள் தேவைப்படும். இதற்கு நிகழ்தகவும், பொருளியல் தரவுகளைப் புள்ளிவிபர முறையில் ஆராயும் பொருளியலளவையியலும் உறுதியாக இருக்க வேண்டும். இப்போதிருந்தே ஆர் என்ற இலவச மென்பொருளைப் பழகத் தொடங்குங்கள். எக்ஸெலோடு நின்றுவிட்டால் முதல் தவணையிலேயே மூச்சுத் திணறும்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகம் முறையியலில் ஆழமானது; மதிப்பீட்டு முறைகளைத் தொலைக்கல்வியாகவும் அங்கே கற்கலாம். லண்டன் பொருளியல் கல்லூரியும் லண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரியும் இணைந்து நடத்தும் முதுமாணி, கொள்கை, திட்டமிடல், நிதியிடல் ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தொடுகிறது. ஆனால் வன்னியிலிருந்து செல்பவருக்கு நான் முதலில் சொல்வது பாங்கொக்கில் உள்ள சுலாலொங்கோன் பல்கலைக்கழகத்தைத்தான். அங்கு பொருளியல் பீடத்திலேயே சுகாதாரப் பொருளியல் கற்பிக்கப்படுகிறது. 2002 இல் முழு நாட்டுக்கும் சுகாதாரப் பாதுகாப்பை விரித்த தாய்லாந்து, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிராமப்புற மாவட்ட வைத்தியசாலைகளைக் கட்டி, புதிய மருத்துவர்களுக்குக் கிராமச் சேவையைக் கட்டாயமாக்கியிருந்தது. எங்கள் பிரச்சினைகளுக்கு லண்டனைவிட அங்கேதான் நெருக்கமான பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உள்நாட்டில் படிப்பதானால், பட்டங்களை மட்டம் மட்டமாக வகைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தைக் கவனியுங்கள். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9 ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10 ஆம் மட்டம். பின்னர் கலாநிதிப் பட்டத்துக்குச் செல்லும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் ஆய்வுக் கூறு இல்லாத பட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுவே எனக்கு முக்கியமானது. வன்னியைப் பற்றிய எண்கள் நீண்ட காலம் நாட்டின் புள்ளிவிபரங்களில் இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு 2006/07 இல் வட மாகாணம் முழுவதையும் விட்டுவிட்டே நடந்தது. 2009/10 இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் விடுபட்டன. 2012/13 இல்தான் எல்லா மாவட்டங்களும் சேர்ந்தன. சேர்ந்தவுடன் வெளிவந்த முதல் எண், முல்லைத்தீவின் வறுமை 28.8 சதவீதம், நாட்டிலேயே மிகக் கூடியது என்பது. தேசிய அளவு அப்போது 6.7 சதவீதம். 2016 இல் முதலிடம் கிளிநொச்சிக்கு, 18.2 சதவீதம். குடித்தொகை, சுகாதார ஆய்வும் 2016 இல்தான் 25 மாவட்டங்களையும் முதன்முறையாக உள்ளடக்கியது. அதற்கு முந்தைய தேசியச் சராசரிகளைக் காட்டி "இலங்கையின் சாதனை" என்று எழுதப்பட்ட கட்டுரைகளைப் படிக்கும்போது, அந்தச் சராசரிக்குள் நாம் இல்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். எண்ணத் தெரிந்த ஒருவர் அந்த மண்ணிலிருந்தே வருவது இதனால்தான் அவசியமாகிறது.

மாந்தைப் பாலை எழுதியது:

நான் மருத்துவர், சமுதாய மருத்துவத்தில் பட்டப்பின் பயிற்சி பெற்று மன்னார் மாவட்டத்தில் பணியாற்றுகிறேன். கனகராயன் அண்ணா கூறிய பலவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் சகோதரியின் கேள்வி எங்கிருந்து தொடங்கியதோ அந்த இடத்தை அவர் தாண்டிச் சென்றுவிட்டார் என்று நினைக்கிறேன்.

சகோதரி கேட்டது கட்டி முடிக்கப்பட்ட விடுதிக் கட்டடத்தைப் பற்றி. கட்டடம் மூலதனச் செலவினத்தில் எழுகிறது. அதற்குள் நிற்க வேண்டிய தாதிய உத்தியோகத்தரும் மருந்தாளரும் சிற்றூழியரும் ஆண்டுதோறும் திரும்ப வரும் மீண்டெழும் செலவினத்தில் வருகிறார்கள். மாகாணத்துக்கு அது பெரும்பாலும் நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையின்படி மத்திய அரசிடமிருந்து கிடைக்கும் தொகுதிக் கொடையில் தங்கியிருக்கிறது. ஆளணி எண்ணிக்கையை அங்கீகரிப்பதோ திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். விசேட வைத்திய நிபுணர்களின் நியமனமும் இடமாற்றமும் மத்திய அமைச்சின் கையில். 1987 இன் 13 ஆம் திருத்தத்தால் சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்டது என்று நாம் சொல்லிக்கொண்டாலும், ஒரே கட்டடத்துக்குள் மூன்று நான்கு இடங்களின் முடிவுகள் சந்திக்க வேண்டியிருக்கிறது. சந்திக்காதபோது கதவு பூட்டியே இருக்கும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அண்மைய ஆண்டுகளில் நெதர்லாந்தின் நிதியுதவியோடு எழுந்த பெரிய நிலையங்களைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழ வேண்டிய கேள்வி, அவற்றை ஆண்டுதோறும் நடத்துவதற்கான மீண்டெழும் செலவு எங்கிருந்து வரும் என்பதுதான். செலவிடும் பணத்துக்கு எவ்வளவு சுகாதார நன்மை கிடைக்கிறது என்று ஒப்பிடும் செலவு-விளைதிறன் பகுப்பாய்வில் எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும், இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் செய்யும் கணக்கு கோப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

நமது வரலாறும் இதையே சொல்கிறது. வெளிநோயாளருக்கு இலவச சிகிச்சை 1951 இல் வந்தது எந்தச் செலவுக் கணக்கின் முடிவாலும் அல்ல. 1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையும், 1934–35 இல் நாட்டை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயும், கிராமத்து வாக்காளரை நாடிய அரசியல்வாதிகள் தம் தொகுதிக்கொரு வைத்தியசாலை கேட்டு வாங்கியதும் சேர்ந்துதான் இந்த அமைப்பை உருவாக்கின. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டு, 1977 இல் நீக்கப்பட்டது. 25 சதம் திறைசேரிக்குப் பெரிய வருமானமா என்பது பொருளியலின் கேள்வி. அதை ஏன் கொண்டுவந்தார்கள், ஏன் அதைத் தக்கவைக்க முடியவில்லை என்பது கொள்கைக் கற்கையின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கே அதிகம் பேர் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவர்களுக்கு அட்டவணை தயாரித்துக் கொடுப்பவளாகவே இருந்துவிடுவேனா என்ற உங்கள் அச்சம் நியாயமானதே. எங்கள் துறையில் அந்தப் பழக்கம் இருக்கிறது. ஆனால் மாகாண மட்டத்தில் வரவு செலவுத் திட்டத்தை வரிக்கு வரி வாசித்து, எந்த நிரல் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று விளக்கக்கூடிய ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவருடைய பேச்சை எவரும் ஒதுக்க முடியாது.

மாங்குளத்தான் எழுதியது:

நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). பொருளியல் கற்றவன் அல்லன். இத்துறையினர் எழுதும் அறிக்கைகளை வாசிக்க வேண்டிய நிலையில் இருப்பவன். இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சகோதரி கற்கவிருக்கும் முறைகளில் முதன்மையானது, தரத்தால் சீராக்கப்பட்ட வாழ்நாள் ஆண்டு என்ற அளவு; சுருக்கமாகக் குவாலி என்பார்கள். முழுநலத்தோடு வாழும் ஓராண்டுக்கு 1, மரணத்துக்கு 0, இடையிலுள்ள நிலைகளுக்கு இடையிலான ஓர் எண். நடமாட்டம், தன்னைத் தான் பராமரித்தல், வழமையான வேலைகள், வலி, மனக்கவலை என்ற ஐந்தையும் கேட்கும் ஈகியூ-5டி என்ற வினாக்கொத்தைக் கொண்டு அந்த எண்ணைப் பெறுகிறார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரின் ஓராண்டு இந்த அளவில் 0.6 என்று வந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவருக்கும் நடக்கக்கூடிய இன்னொருவருக்கும் ஒரே சிறுநீரகத் தொற்று வந்து, ஒரே சிகிச்சையால் இருவரும் மேலும் 10 ஆண்டுகள் வாழ்ந்தால், முதலாமவருக்கு 6 என்றும் மற்றவருக்கு 10 என்றும் நன்மை பதிவாகும். செலவு ஒன்றே என்பதால், நடக்க முடியாதவரைக் காப்பாற்றுவது கூடுதல் செலவுள்ள முதலீடாகத் தாளில் தோன்றும். 2009 இற்குப் பின்னரான வன்னியில் இந்தக் கணக்கு யாரைப் பின்னுக்குத் தள்ளும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது என் மனக்குறை மட்டுமன்று. அமெரிக்காவில் 2010 இன் சுகாதாரச் சட்டம், தான் உருவாக்கிய ஆய்வு நிறுவனம் குவாலிக்கு இவ்வளவு செலவு என்ற எல்லையை வைத்துப் பரிந்துரை செய்யக் கூடாது என்று விதித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடு என்ற அச்சமே அங்கு முன்வைக்கப்பட்ட வாதங்களில் முதன்மையானது. படிக்கச் செல்லும் இடத்தில் இந்த விவாதத்துக்கு ஒரு விரிவுரையையாவது ஒதுக்குகிறார்களா என்று பாடத்திட்டத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

தண்ணிமுறிப்பு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மாங்குளத்து அண்ணா கூறியதை இதுவரை நான் எண்ணியும் பார்த்ததில்லை.

விண்ணப்பத்துக்கு ஓர் ஆய்வு முன்மொழிவு தேவைப்படுகிறது. ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களிலிருந்து நீரிழிவுக்கும் உயர் குருதி அமுக்கத்துக்கும் மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்பவர்களில் பலர், அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையைக் கடந்து மாஞ்சோலையிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே செல்கிறார்கள். சிகிச்சை இலவசம்; ஆனால் பேருந்துக் கட்டணம், தவறிய பேருந்துக்குப் பதிலாக ஓட்டோ, வெளியே எழுதித் தரப்படும் பரிசோதனை, இழந்த நாட்கூலி என்று அந்த நாளுக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை அளக்க வேண்டும் என்பதே என் எண்ணம். கூலிக்குச் செல்பவருக்குக் கூலியை எழுதலாம். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்து, தோட்டத்துக்கும் தண்ணீர் இறைக்கும் ஒரு தாயின் நாளுக்கு எதை எழுதுவது?

கனகராயன் எழுதியது:

நல்ல கேள்வியைப் பிடித்திருக்கிறீர்கள். மாந்தைத் தம்பிக்கும் ஒரு வார்த்தை: அமைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை, தங்கையின் இந்த முன்மொழிவுக்கு இரண்டும் வேண்டும்.

சம்பளமற்ற உழைப்புக்கு இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. அந்த நேரத்தில் அவர் வெளியே உழைத்திருந்தால் எவ்வளவு பெற்றிருப்பார் என்று கேட்பது அமையச் செலவு முறை. அவர் செய்யும் வேலையை இன்னொருவரை வைத்துச் செய்வித்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்பது பதிலீட்டுச் செலவு முறை. முதலாவது முறை, பெண்களுக்குக் கூலி வேலை அரிதாக உள்ள கிராமத்தில் அவர்களது நாளை மலிவாக்கிக் காட்டும். ஆகவே இரண்டாலும் கணக்கிட்டு இரண்டையும் வெளியிடுங்கள். ஒன்றை மட்டும் வெளியிட்டால் எந்த ஊகத்தின் மேல் நிற்கிறீர்கள் என்பது மறைந்துவிடும். அத்தோடு ரூபாயாக மாற்றாத மணித்தியாலங்களையும் தனியாகத் தாருங்கள்.

பருவத்தை மறக்க வேண்டாம். காலபோக அறுவடையில் ஒரு நாளை இழப்பதும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாத மாதத்தில் ஒரு நாளை இழப்பதும் ஒன்றல்ல. கரையோரத்தில் கடற்றொழிலின் ஏற்ற இறக்கமும் அப்படியே. ஒரே மாதத்தில் தரவைத் திரட்டி ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் விடை எந்தப் பக்கமும் சாயலாம்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் மாதிரியெடுப்பில் இருக்கிறது. கிளினிக் வாங்கிலில் அமர்ந்திருப்பவர்களிடம் வினாக்கொத்தை நீட்டினால், செலவைத் தாங்கி வந்து சேர்ந்தவர்களையே அளப்பீர்கள். வரமுடியாமல் நின்றுவிட்டவருக்குச் செலவு பூச்சியம். இதே குறைபாடு உலகளாவிய அளவுகோல்களிலும் இருக்கிறது. ஒரு குடும்பம் தன் மொத்த நுகர்வில் 10 அல்லது 25 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட்டால் அது பேரிடர்ச் செலவு என்று கொள்வது வழமை. சிகிச்சைக்கே செல்லாமல் விட்ட ஏழைக் குடும்பம் அந்தக் கணக்கில் நிதிப் பாதுகாப்புள்ள குடும்பமாகத் தோன்றும். போக்குவரத்துச் செலவும் பொதுவாகச் சுகாதாரச் செலவினுள் சேர்வதில்லை. இலங்கையின் பேரிடர்ச் செலவு குறைவு என்று எழுதுவோர் வன்னியைக் கருத்தில் கொண்டால் இதற்கு ஒரு விளக்கம் தர வேண்டும். ஆகவே கிளினிக் பதிவேட்டில் பெயர் இருந்தும் பல மாதங்கள் வராதவர்களின் பட்டியலை அனுமதியோடு பெற்று, அவர்களையும் வீட்டில் சென்று சந்திக்கும் வகையில் திட்டமிடுங்கள். கடினமான வேலைதான், உங்கள் ஆய்வின் பெறுமதி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மாந்தைப் பாலை எழுதியது:

கனகராயன் அண்ணாவின் கடைசிப் பத்தியை முழுமையாக ஏற்கிறேன். அதோடு ஒன்று: அருகிலுள்ள வைத்தியசாலையைக் கடந்து செல்வதற்கான காரணத்தை நோயாளியிடம் மட்டும் கேட்டால் "அங்கே நல்ல மருந்து" என்ற ஒரே விடைதான் வரும். பிரதேச வைத்தியசாலையில் அந்த மாதம் எந்த மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இல்லை, இரத்தப் பரிசோதனை எந்த நாட்களில் நடக்கிறது, மருத்துவர் எத்தனை நாள் விடுமுறையில் இருந்தார் என்பவற்றைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டுக் காலப் பதிவேடுகள் கிடைத்தால் விட வேண்டாம். கையிருப்புக் குறையும்போது மக்கள் எங்கே நகர்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு கிடைக்காது.

செட்டிகுளம் வாசகன் எழுதியது:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற நிருவாக உத்தியோகத்தன். படிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்; நான் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சம்பளத்துடனான கற்கை விடுமுறை கோருவதானால், அனுமதிக் கடிதம் வந்த பிறகு ஓடித் திரியாமல், விண்ணப்பிக்கும்போதே திணைக்களத் தலைவரின் பரிந்துரையைக் கேட்டு வையுங்கள். விடுமுறை கிடைத்தால் திரும்பி வந்து குறித்த காலம் சேவையாற்றுவதாகப் பிணை எழுதிக் கையொப்பமிட வேண்டியிருக்கும்; பிணைகாரர்களாக நிற்பவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் 2,800 மணித்தியால வேலை அனுபவத்தைக் கேட்கிறது, படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகளுக்கு நாடு திரும்பியிருக்கவும் வேண்டும். உங்கள் சேவைக்காலத்துக்கு அனுபவம் தடையாக இராது. ஆங்கிலப் பரீட்சைதான் காலம் எடுக்கும், ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆய்வை எங்கே பதிவு செய்தாலும் நோயாளரின் பதிவேட்டைத் தொடுவதற்கு ஆய்வு ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. அதற்குப் பின் மாகாணச் சுகாதார சேவைகள் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி, அதற்குப் பின் பிராந்தியப் பணிப்பாளரின் அனுமதி. அலுவலகத்தில் உங்கள் மேசைக்கு வரும் தரவுதானே என்று அனுமதியின்றி அதை ஆய்வுக்கு எடுத்துவிட வேண்டாம். கடமைக்காகக் கையில் வரும் பதிவேடும் ஆய்வுக்காகக் கேட்டுப் பெறும் பதிவேடும் நிருவாகத்தின் பார்வையில் வெவ்வேறு. வினாக்கொத்தைத் தமிழிலும், வெலிஓயாப் பக்கமும் செல்வதானால் சிங்களத்திலும் ஆயத்தம் செய்து விண்ணப்பத்தோடே இணையுங்கள். குழு முதலில் கேட்பது அதைத்தான்.